சண்டை ராத்திரியில் சானல் காணாமல் போனால்

டிவியின் அடியில் ஒரு பட்டி ஓட ஆரம்பிக்கும்: உங்கள் சந்தா நிறுவனம் இந்த சானலை நிறுத்தப் பார்க்கிறது, உடனே போன் போட்டுக் கேளுங்கள். மறுநாள் அதே சந்தா நிறுவனத்திடமிருந்து மெயில் வரும்: சானல்காரர்கள் அநியாய விலை கேட்கிறார்கள், உங்களுக்காகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு தரப்பும் நமக்காகவே உழைத்துக்கொண்டிருக்க, சனிக்கிழமை பிரிலிம்ஸ் (பெரிய சண்டைகளுக்கு முந்தியவை) தொடங்கும் நேரத்தில் நமக்குக் கிடைப்பது கறுப்புத் திரையும் ஓர் அறிவிப்பும்தான்.

நான் டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறேன். மருந்தகத்தில் வேலை, சனிக்கிழமை பகல் ஷிப்ட். வீட்டில் கணவருக்கு எங்கள் ஊர்க் கால்பந்து அணியான கவ்பாய்ஸ், மாமியார் ஊரிலிருந்து வந்தால் சன் டிவி, எனக்கு எம்எம்ஏ என்ற கூண்டுச் சண்டை. டபிள்யூஇசி என்ற பழைய சண்டை அமைப்பின் காலத்திலிருந்து பார்க்கிறவள் என்பதால், இங்கே எம்எம்ஏ பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் ஒவ்வொரு தகராறின்போதும் என்னைத்தான் பிடிக்கிறார்கள். "அக்கா, இப்ப என்ன பண்றது?" வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பதில் தட்டுவதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் அமெரிக்கக் கால்பந்தைப் பாருங்கள்

தகராறு எதைப் பற்றியது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நாள் நீளும் என்று கணிக்க முடியும். கேபிள், சாட்டிலைட், யூடியூப் டிவி போன்ற இணைய நிறுவனம் எதுவானாலும், சானல் வைத்திருப்பவருக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் இத்தனை டாலர் என்று கொடுக்கிறது. ஒப்பந்தம் சில வருடங்களுக்குத்தான். முடியும் தேதிக்குள் புது விலை படியவில்லை என்றால் சானலை இறக்கிவிடுவார்கள். விலையோடு இன்னொரு பேரமும் நடக்கும்: சானல் எல்லோருக்கும் போகும் அடிப்படைத் தொகுப்பில் இருக்க வேண்டுமா, கூடுதல் பணம் கட்டுபவர்களின் தொகுப்பில் இருந்தால் போதுமா என்று. பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதில் எம்எம்ஏ ரசிகருக்கு எந்தப் பலமும் கிடையாது. கசப்பாக இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மை நினைத்து எந்த நிறுவனமும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் நான் முதலில் பார்ப்பது அந்த சானலில் நம் சண்டையோடு வேறு என்ன வருகிறது என்பதைத்தான். அமெரிக்கக் கால்பந்து வந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். வராவிட்டால் நீண்ட வனவாசத்துக்குத் தயாராகுங்கள்.

2023இல் டிஸ்னிக்கும் ஸ்பெக்ட்ரம் கேபிளை நடத்தும் சார்ட்டருக்கும் தகராறு. ஆகஸ்ட் 31 அன்று டிஸ்னியின் விளையாட்டு சானலான ஈஎஸ்பிஎன் போனது. செப்டம்பர் 11, திங்கட்கிழமை திரும்பியது. அன்று மாலைதான் அந்தப் பருவத்தின் முதல் திங்கள் இரவு கால்பந்து ஆட்டம். 2024இல் டிஸ்னிக்கும் டைரக்டிவிக்கும்: செப்டம்பர் 1 அன்று போனது, 14ஆம் தேதி சனிக்கிழமை காலை, கல்லூரி ஆட்டங்கள் தொடங்கும் நேரத்துக்கு வந்தது. அன்று இரவு லாஸ் வேகஸ் ஸ்ஃபியரில், எம்எம்ஏவின் பெரிய அமைப்பான யுஎஃப்சியின் 306ஆம் நிகழ்ச்சி, ஒமாலியிடமிருந்து மெராப் பட்டத்தைப் பறித்த இரவு. 2025இல் யூடியூப் டிவியோடு: அக்டோபர் 30 நள்ளிரவில் போய், நவம்பர் 14 வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். மறுநாள் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் யுஎஃப்சி 322, டெல்லா மடலேனாவுக்கு எதிராக மகாச்சேவ். இரண்டு தடவையும் சண்டை நாளுக்குச் சரியாகச் சமாதானம் வந்ததைப் பார்த்து நம் பையன்கள் யுஎஃப்சியின் செல்வாக்கு என்று பெருமைப்பட்டார்கள். இல்லை கண்ணுகளா, அது கால்பந்தின் செல்வாக்கு.

இப்போது எதிர்ப்பக்கம். 2009 செப்டம்பர் தொடக்கத்தில் டைரக்டிவியிலிருந்து வெர்சஸ் என்ற சானல் போனது. காம்காஸ்டுக்குச் சொந்தமான சின்ன விளையாட்டு சானல். ஐஸ் ஹாக்கி, டூர் டி பிரான்ஸ், கொஞ்சம் கல்லூரிக் கால்பந்து, அதோடு டபிள்யூஇசி. யுஎஃப்சியை நடத்திய சுஃபா நிறுவனமே நடத்திய சின்ன எடை வீரர்களின் அமைப்பு அது. ஆல்டோ, ஃபேபர், குரூஸ், செரோனி, பென் ஹெண்டர்சன் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தொழில்முறைக் கால்பந்தான என்எஃப்எல் அந்த சானலில் கிடையாது. விளைவு: சுமார் 1 கோடியே 40 லட்சம் வீடுகளில் ஆறு மாதத்துக்கு மேல் அந்த சானல் வரவே இல்லை. 2010 மார்ச் 15 அன்றுதான் திரும்பியது.

அந்த இடைவெளியில் என்னென்ன போனது என்று இன்றும் பட்டியல் போடுவேன். அக்டோபர் 10, சான் அன்டோனியோவில் ஹெண்டர்சன்–செரோனி, ஐந்து சுற்று, அந்த வருடத்தின் சிறந்த சண்டை என்று பலர் சொன்னது. நவம்பர் 18, மைக் பிரவுனை வீழ்த்தி ஜோசே ஆல்டோ முதல்முறையாக பட்டம் வென்றது. 2010 மார்ச் 6, கொலம்பஸில் டொமினிக் குரூஸ் பௌல்ஸிடமிருந்து பட்டத்தை எடுத்தது. ஒரு தலைமுறை சாம்பியன்கள் உருவான குளிர்காலம். டைரக்டிவி வீடுகளுக்கு அது மறுநாள் இணையத்தில் படித்த முடிவுகளாகவே மிஞ்சியது. சமாதானம் வந்த ஆறாம் நாள் அதே சானலில் முதல் யுஎஃப்சி நிகழ்ச்சி: கொலராடோவில் ஜான் ஜோன்ஸ் முழங்கையால் பிராண்டன் வேராவின் முக எலும்பை உடைத்தார். அது மட்டும் தப்பியது.

அதைவிட மோசமானது 2014. சடன்லிங்க் என்ற கேபிள் நிறுவனம் வயாகாமின் சானல்களை மொத்தமாக இறக்கியது. இங்கே டெக்ஸாஸில் டைலர், லபக் பக்கமெல்லாம் அப்போது அவர்களின் கேபிள்தான். போனவற்றில் ஸ்பைக் டிவியும் ஒன்று. பெலாட்டர் என்ற இன்னொரு சண்டை அமைப்பு அதில்தான் வந்துகொண்டிருந்தது. சானல்கள் திரும்பியது 2017இல். யாரும் பெரிதாகக் கத்தவில்லை. ஒரு சின்ன அழுத்தம் வந்ததென்றால் அது நிக்கலோடியன் கேட்ட குழந்தைகளின் பெற்றோரிடமிருந்து, அதுவும் பலிக்கவில்லை. அதே வயாகாம் 2012 ஜூலையில் டைரக்டிவியோடு மோதியபோது பத்து நாளில் முடிந்தது, ஏனென்றால் அங்கே இரண்டு கோடி வீடுகள். ஆக கால்பந்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது உங்கள் நிறுவனம் எவ்வளவு பெரியது என்பது. சின்ன ஊர்க் கேபிள் என்றால் பொறுமையாகக் காத்திருப்பதில் பலனில்லை, மாறிவிடுங்கள்.

கார்டைப் பிரித்துப் பாருங்கள்

கார்டு என்றால் ஓர் இரவின் சண்டைப் பட்டியல். ஒரே சண்டை இரவு என்று நாம் நினைப்பது பல வழிகளில் வீட்டுக்குள் வரலாம். ஆரம்பப் பிரிலிம்ஸ், பிரிலிம்ஸ், மெயின் கார்டு மூன்றுக்கும் தனித்தனியாக எங்கே என்று பார்த்துவிடுங்கள். யுஎஃப்சி தன் தளத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தையும் இடத்தையும் போடுகிறது; அதைப் பார்க்காமல் "ஈஎஸ்பிஎன் போச்சு, யுஎஃப்சி போச்சு" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

ஈஎஸ்பிஎன் காலத்தில் இது எப்படி இருந்தது? 2019 ஏப்ரலில் யுஎஃப்சி 236 தொடங்கி அமெரிக்காவில் பே-பர்-வியூ (தனியாகக் காசு கட்டிப் பார்க்கும்) சண்டைகளை ஈஎஸ்பிஎன் பிளஸ் என்ற இணையச் சேவை வழியாக மட்டுமே வீட்டுக்கு விற்றார்கள். அதை நீங்கள் நேரடியாக வாங்குகிறீர்கள். கேபிள்காரருக்கு அதில் வேலையே இல்லை. எனவே 2023, 2024, 2025 தகராறுகளில் அறிந்தவர்கள் இழந்தது சாதாரண ஈஎஸ்பிஎன் சானலில் வந்த பிரிலிம்ஸ் மட்டுமே, அதிலும் பெரும்பகுதி பிளஸிலும் வந்தது. அறியாதவர்கள் மெயின் கார்டும் போய்விட்டது என்று முடிவுகட்டிப் படுத்துவிட்டார்கள்.

2026 முதல் கதை மாறிவிட்டது. ஏழு வருடம், 770 கோடி டாலர் என்று பாரமவுண்ட் யுஎஃப்சியின் ஒளிபரப்பு உரிமையை எடுத்துக்கொண்டது. பே-பர்-வியூ போயே போனது. எல்லாம் பாரமவுண்ட் பிளஸ் என்ற அவர்களின் இணையச் சேவையில், சில நிகழ்ச்சிகள் அவர்களின் சிபிஎஸ் சானலிலும் சேர்த்து. ஜனவரி 24 அன்று கேத்ஜி–பிம்ப்லெட் மோதிய யுஎஃப்சி 324தான் முதல். மாதச் சந்தாவிலேயே, எண் போட்டு வரும் பெரிய நிகழ்ச்சி முழுதும். முன்பு அதற்கு மட்டும் 80 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தோம். தகராறு என்ற பார்வையில் இது நமக்கு நல்ல செய்தி, ஒரு நிபந்தனையோடு: பாரமவுண்ட் பிளஸை நேரடியாக, உங்கள் சொந்த மெயில் முகவரியில் வாங்குங்கள். கேபிள் தொகுப்போடு "இலவசமாக" வருகிறதே என்று அதை நம்பினால், கேபிளும் பாரமவுண்டும் முட்டிக்கொள்ளும் நாளில் அந்த இலவசமும் கேள்விக்குறி ஆகும். 2025 பிப்ரவரியில் யூடியூப் டிவியும் பாரமவுண்டும் அப்படி விளிம்பு வரை போய்த்தான் கையெழுத்திட்டார்கள்.

இதே காரணத்தால், சானலின் செயலியில் கேபிள் கடவுச்சொல்லைப் போட்டு நுழைகிறவர்களும் கவனமாக இருங்கள். சானல் டிவியில் போனதும் செயலியில் அந்தக் கணக்கும் வேலை செய்யாது. போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல்பட முடியாது.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன் சாம்பியன்ஷிப் 2022 முதல் இங்கே பிரைம் வீடியோவில். தகராறு தொடாத இடம். கேபிள் சானல்களில் வரும் சின்ன அமைப்புகளுக்குத்தான் இனி இந்த ஆபத்து அதிகம்.

ஆன்டெனா வாங்கி வையுங்கள்

இதை நான் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிபிஎஸ், ஏபிசி, ஃபாக்ஸ், என்பிசி நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. எந்தத் தகராறும் அலையை நிறுத்தாது. 2011 நவம்பரில் வெலாஸ்கெஸை டோஸ் சாண்டோஸ் 64 நொடியில் சாய்த்தது ஃபாக்ஸில், 2021 ஜனவரியில் ஹாலோவே கேட்டரைப் புரட்டியெடுத்தது ஏபிசியில். ஆன்டெனா வைத்திருந்தவருக்கு இரண்டும் காசில்லாமல் கிடைத்தன. இனி சிபிஎஸ்ஸில் வரும் கார்டுகளுக்கும் அப்படியே.

வாங்கும் முன் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தளத்தில் டிடிவி வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். கோபுரம் எந்தத் திசையில், ஒவ்வொரு நிலையமும் எந்த அலைவரிசை வகை, யுஹெச்எஃப்பா விஹெச்எஃப்பா என்று காட்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் பெரும்பாலான கோபுரங்கள் தெற்கே சீடர் ஹில்லில் இருக்கின்றன. சிபிஎஸ் நிலையம் 11 யுஹெச்எஃப். ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆன்டெனாவுக்கே வந்துவிடும். ஏபிசி நிலையம் 8 விஹெச்எஃப். அதற்கு அந்தத் தட்டை போதாது, நீட்டக்கூடிய இரண்டு கம்பி கொண்ட பழைய மாதிரிதான் சரி. டல்லாஸில் "ஏபிசி மட்டும் வரலை அக்கா" என்று வரும் புகார் எல்லாவற்றுக்கும் இதுதான் விடை. தெற்குப் பக்க ஜன்னலில் வையுங்கள், இடம் மாற்றும்போதெல்லாம் டிவியில் சானல் ஸ்கேன் மறுபடி ஓட்டுங்கள். அபார்ட்மெண்டில் வடக்குப் பார்த்த வீடு கிடைத்தவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

தற்காலிக வழி வாங்கும்போது

போன சானல் வேறு எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். வருடச் சந்தா தள்ளுபடியைக் காட்டுவார்கள், வேண்டாம். யுஎஃப்சி இப்போது ஈஎஸ்பிஎன்னில் இல்லை; மற்ற விளையாட்டுக்காக அந்த சானல் வேண்டுமென்றால் இப்போது இரண்டு வழி இருக்கிறது, 2024இல் இல்லாதவை. ஒன்று, 2025 ஆகஸ்ட் 21 முதல் ஈஎஸ்பிஎன்னே தன் எல்லா சானல்களையும் நேரடியாக விற்கிறது, அறிமுக விலை மாதம் 29.99 டாலர். இன்னொன்று, ஸ்லிங் என்ற இணைய டிவி நிறுவனம் அதே மாதம் கொண்டுவந்த ஒருநாள் பாஸ், 4.99 டாலர். டிஸ்னி உடனே வழக்குப் போட்டது என்பதிலிருந்தே அது நமக்கு எவ்வளவு நல்லது என்று புரிந்துகொள்ளலாம்.

ஸ்லிங் என்றதும் நம் வீடுகளில் ஒரு குழப்பம் வரும். தமிழ் சானல் தொகுப்புக்காக ஏற்கெனவே ஸ்லிங் கணக்கு வைத்திருப்போம். அந்தத் தமிழ்த் தொகுப்பில் ஈஎஸ்பிஎன் கிடையாது. ஆரஞ்ச் தொகுப்பை அல்லது பாஸைத் தனியாக எடுக்க வேண்டும். அத்தை சீரியல் பார்க்கும் கணக்கில் ஈஎஸ்பிஎன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டு பயனில்லை.

மாறப்போகும் இடத்திலும் என்ன தகராறு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். 2025 நவம்பரில் டிஸ்னி சானல்களுக்காக ஃபூபோ என்ற இணைய டிவிக்கு ஓடியவர்கள், அதே மாதக் கடைசியில் அங்கே என்பிசி சானல்கள் போனதைப் பார்த்தார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இது தெரியாத அனுபவமல்ல. 2023 பிப்ரவரியில் இந்திய ஆணையமான டிராயின் புதிய கட்டண முறையை ஒட்டிய சண்டையில் ஸ்டார், சோனி, ஜீ மூன்றும் கையெழுத்திடாத பெரிய கேபிள் நிறுவனங்களுக்குச் சில நாள் சிக்னலை நிறுத்தின. யுஎஃப்சி அப்போது சோனியில். டிடிஹெச் வைத்திருந்த வீடுகளுக்கும் செயலியில் பார்த்தவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேபிளோடு இன்னொரு வழியும் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கேயும் பொருந்தும்.

திருட்டு ஸ்ட்ரீம் பற்றிக் கேட்காதீர்கள். மூன்றாவது சுற்றில் சூதாட்ட விளம்பரம் திரையை மறைக்கும், லேப்டாப்பில் எதையாவது ஏற்றிவிட்டுப் போகும். ஒரு மாதத்துக்கு மட்டும் நேரடிச் சந்தா எடுக்க முடியும்போது அதற்கு என்ன தேவை?

ரெக்கார்டிங், பார், மற்றவை

தகராறு தேதிக்கு முன் ரெக்கார்டிங்கைப் பார்த்து முடியுங்கள். யூடியூப் டிவி போன்றவற்றில் பதிவு நம் வீட்டில் இல்லை, அவர்களின் சர்வரில் இருக்கிறது. சானல் போகும்போது அதில் பதிந்ததும் கண்ணில் படாமல் போகும். 2025இல் அப்படித்தான் நடந்தது. வீட்டுப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும் பழைய சாட்டிலைட் பெட்டியில் பதிந்தது அப்படியே இருக்கும்.

பாரில் போய்ப் பார்க்கலாம் என்றால், முதலில் போன் போட்டுக் கேளுங்கள். கடை உரிமம் வீட்டுச் சந்தாவிலிருந்து வேறு. சில இடங்களில் தகராறு நேரத்திலும் ஓடும், சில இடங்களில் ஓடாது. "யுஎஃப்சி போடுவீங்களா" என்று மட்டும் கேட்டால் வாரம்தோறும் போடுகிறோம் என்பார்கள். இந்த சனிக்கிழமை, இந்த சானல், பிரிலிம்ஸிலிருந்து என்று கேளுங்கள். செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகளில் கல்லூரிக் கால்பந்து முடியும் வரை சத்தத்தோடு சண்டை கிடைக்காது, அதையும் மனதில் வையுங்கள்.

பணத்தைக் கேட்டு வாங்குங்கள்

பார்க்காத சானலுக்கும் நாம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 2025 தகராறில் யூடியூப் டிவி 20 டாலர் கழிவு தந்தது. ஆனால் கணக்குக்குள் போய் நாமே பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மெயிலைத் திறக்காதவர்கள் பலர்.

போனில் கேட்கும்போது சந்தாவை நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தொடங்குங்கள். அப்போதுதான் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றுவார்கள். கழிவு கொடுக்கும் அதிகாரம் அங்கேதான். எனக்கு ஒருமுறை ஒரு நிறுவனத்தில் முதலில் எடுத்தவர், சானல் போனதற்கு வருத்தம் தெரிவித்து, விலை அதிகமான தொகுப்புக்கு மாறச் சொன்னார். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, ரத்து செய்யுங்கள்" என்றேன். அடுத்து வந்தவர் மூன்று மாதம் பில்லைக் குறைத்தார். ஒரு எச்சரிக்கை: அந்தச் சலுகைக்கு மாற்றாக ஒரு வருடம் இருப்பேன் என்று சம்மதிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தகராறு நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் நாளையே கிளம்ப முடியும் என்பது.

எஃப்சிசிக்குப் புகார் எழுதலாமா? எழுதலாம், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். சிபிஎஸ் போன்ற உள்ளூர் நிலையங்கள் என்றால் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. ஈஎஸ்பிஎன் போன்ற கேபிள் சானல்களுக்கு அது தனியார் வியாபாரம். யாரும் வந்து சானலைப் போட்டுத் தரப்போவதில்லை.

முடிவு தெரியாமல் மறுநாள் பார்க்க விரும்புகிறவர்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப் முகப்பு இரண்டையும் சனி இரவே மூடிவிடுங்கள். சண்டை முடிந்த நிமிடமே நாக்அவுட் துணுக்கு வந்துவிடும், தலைப்பைப் படிக்காவிட்டாலும் படமே சொல்லிவிடும். குடும்ப குரூப்பில் இதைச் சொல்லும் ஆள் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். அவரை மட்டும் மியூட் செய்தால் போதும்.

சானல் திரும்பிய அன்று மூன்று வேலை இருக்கிறது. தற்காலிகமாக எடுத்த சந்தாவை அன்றே ரத்து செய்யுங்கள், மாதம் முடியும் வரை அது எப்படியும் ஓடும். ரெக்கார்டிங் பட்டியலில் யுஎஃப்சி இன்னும் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி போடுங்கள். புது ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று செய்தியில் வந்திருந்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆகஸ்ட் கடைசி, அக்டோபர் கடைசி என்றால் நிச்சயமாக. ஆன்டெனாவைக் கழற்ற வேண்டாம்.